சாய்தடம்: 'இன்க்ளைன்ட் ஆர்பிட்' என்பதற்கு ஒரு தமிழ்ச் சொல்

வயதான தகவல்தொடர்புச் செயற்கைக்கோளைப் பற்றிப் பேசும் பொறியாளர்கள் வாயில் 'இன்க்ளைன்ட் ஆர்பிட்' என்ற தொடர் அடிக்கடி வரும். நிலநடுக்கோட்டுக்கு நேர்மேலே போய்க்கொண்டிருந்த பாதை சாய ஆரம்பித்துவிட்டது, இனி ஆன்டெனாதான் அதன் பின்னால் திரும்ப வேண்டும் என்பது அதன் பொருள்.

இரண்டு சொல்லும் லத்தீனிலிருந்து வந்தவை. 'இன்க்ளினாரே' என்றால் சாய்த்தல், வளைத்தல். 'ஆர்பிஸ்' என்றால் வளையம், சக்கரம். அதிலிருந்து பிறந்த 'ஆர்பிடா', வண்டிச் சக்கரம் மண்ணில் பதித்துவிட்டுப் போகும் தடம். கோள்களின் பாதைக்கு இந்தப் பெயர் பிற்பாடுதான் வந்து சேர்ந்தது.

சரி, பாதை ஏன் சாய்கிறது? புவிநிலைச் செயற்கைக்கோள் 35,786 கி.மீ. உயரத்தில் 23 மணி 56 நிமிடத்துக்கு ஒரு சுற்று வருகிறது. பூமி தன்னைத்தானே சுற்றும் நேரமும் அதுவே. அதனால் வானத்தில் ஒரே இடத்தில் நிற்பதுபோலத் தெரிகிறது. மொட்டைமாடி டிஷ்ஷை ஒருமுறை திருப்பி வைத்தால் வருஷக்கணக்கில் தொடவேண்டியதில்லை. ஆனால் அது அப்படி நிற்பதற்கு எரிபொருள் செலவாகிறது. நிலாவும் சூரியனும் இழுக்கிற இழுப்பில் பாதை ஆண்டுக்கு 0.75 முதல் 0.95 டிகிரி வரை சாயும். அதைத் திருத்த ஆண்டுதோறும் வினாடிக்கு சுமார் 50 மீட்டர் அளவுக்கு வேகத்தை மாற்ற வேண்டும். கிழக்கு மேற்காக நகர்வதைத் திருத்தவோ வினாடிக்கு 2 மீட்டர் அளவே போதும்.

இந்த இரண்டு எண்களைப் பார்த்தாலே மீதி விளங்கிவிடும். பத்துப் பதினைந்து வருஷம் உழைத்த செயற்கைக்கோளில் டிரான்ஸ்பாண்டர்கள் (சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் கருவிகள்) நன்றாகவே இருக்கும், எரிபொருள்தான் தீர்ந்துகொண்டு வரும். அப்போது சாய்வைச் சரிசெய்யும் வடக்கு தெற்குத் திருத்தத்தை நிறுத்திவிடுவார்கள். கிழக்கு மேற்குத் திருத்தத்தை மட்டும் விடமாட்டார்கள், விட்டால் பக்கத்துச் செயற்கைக்கோளின் இடத்துக்குள் போய்விடும். மிச்சமிருக்கும் கொஞ்ச எரிபொருளில் இப்படி இன்னும் பல வருஷம் ஓட்டலாம். தொடாமல் விட்டால் சாய்வு 26, 27 ஆண்டுகளில் ஏறக்குறைய 15 டிகிரி வரை ஏறி, பிறகு அதே வேகத்தில் இறங்கும்.

தரையிலிருந்து பார்த்தால், சாயும் செயற்கைக்கோள் ஒவ்வொரு நாளும் வடக்கு தெற்காக ஒரு மெலிந்த 8 போடும். சாய்வு 15 டிகிரி ஆகிவிட்ட பிறகும் அந்த 8 பக்கவாட்டில் நடுவிலிருந்து ஒரு டிகிரிதான் விரியும். மேலும் கீழும் 15 டிகிரி நீளும். வீட்டு டிஷ்ஷின் பார்வை சுமார் 3 டிகிரி அகலம், ஆகவே சாய்வு கொஞ்சமாக இருக்கும்வரை அதற்கு ஒன்றும் தெரியாது. தரைநிலையத்து 11 மீட்டர் ஆன்டெனாவுக்கு, 4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில், பார்வை அரை டிகிரிதான். ஒரு டிகிரி சாய்ந்தாலே சிக்னல் கைவிட்டுப் போய்விடும். அதனால் மோட்டார் ஆன்டெனாவைத் துளி நகர்த்தும், செயற்கைக்கோள் அடையாளத்துக்காக விடாமல் அனுப்பும் பீக்கன் சிக்னல் கூடுகிறதா என்று பார்க்கும், குறைந்தால் வந்த வழியே திரும்பி எதிர்ப்பக்கம் முயலும். இரவு பகலாக இதே வேலை. ஒரு முழு நாள் ஓடிவிட்டால் பாதை நினைவில் பதிந்துவிடும். மறுநாள் அதே இடத்துக்கு, முந்தைய நாளைவிட 4 நிமிடம் முன்னதாகப் போய்க் காத்திருக்கும்.

அப்புறம், தமிழில் என்ன சொல்வது? 'சாய்ந்த சுற்றுவட்டப்பாதை' என்று எழுதிவிடலாம். எனக்கு அதில் இரண்டு குறை. சுற்று, வட்டம் என ஒரே பொருளை இரண்டு தடவை சொல்கிறது, போதாததற்கு எல்லாச் சுற்றுப்பாதையும் வட்டமும் கிடையாது. இரண்டாவது, 'சாய்ந்த' என்றால் சாய்ந்து முடிந்துவிட்டது என்று ஆகிவிடுகிறது. இங்கே சாய்வு நின்றுபோன காரியம் இல்லை.

இதற்கு வினைத்தொகைதான் கச்சிதம். சாய்ந்த, சாய்கின்ற, சாயும் என்ற மூன்று காலமும் 'சாய்' என்ற ஒற்றை அடிக்குள் அடங்கிவிடும். தடம் என்ற சொல்லோ சக்கரத்தின் பதிவையும் செல்லும் வழியையும் சேர்த்தே குறிக்கும், 'ஆர்பிடா'வின் பழைய பொருளுக்கு அதைவிட நெருக்கமான சொல் எனக்குத் தெரிந்து இல்லை. சாய்தடம். வினைத்தொகையில் வல்லினம் மிகாது, ஆகவே 'சாய்த்தடம்' என்று எழுதிவிட வேண்டாம்.

'தடம் புரண்டது' என்பதோடு இதைக் குழப்புவதும் தவறு. 2010 ஏப்ரலில் கேலக்ஸி-15 என்ற தகவல்தொடர்புச் செயற்கைக்கோள் கட்டளைகளுக்குப் பணியாமல் கிழக்கே நழுவிப்போனது, டிசம்பரில்தான் மறுபடி கைக்கு வந்தது. தடம் புரண்டது என்றால் அதைச் சொல்லலாம். சாய்தடம் அறிந்தே எடுக்கிற முடிவு.

அந்த முடிவு சில சமயம் புது வாழ்வும் தரும். புவிநிலைச் செயற்கைக்கோள் எதுவும் தென்துருவத்திலிருந்து தெரியாது; 81 டிகிரி அட்சரேகையைத் தாண்டினாலே அடிவானத்துக்குக் கீழே போய்விடும். ஆனால் பாதை 9 டிகிரிக்கு மேல் சாய்ந்துவிட்டால், 8இன் தெற்கு முனையில் வரும்போது துருவத்தில் எட்டிப் பார்க்கும். 15 டிகிரி சாய்வில் அடிவானத்துக்கு மேலே சுமார் 6 டிகிரி வரை ஏறி, ஒரு நாளில் ஏழு மணி நேரம்போலத் தெரியும். 1976இல் கப்பல்களுக்காக ஏவிய மாரிசாட்-2, 1978இல் வானிலைக்காக ஏவிய கோஸ்-3, 1983இல் சேலஞ்சர் விண்ணோடம் கொண்டுபோன நாசாவின் தகவல் அஞ்சல் செயற்கைக்கோள் டிடிஆர்எஸ்-1 ஆகியவை முதுமையில் தென்துருவத்திலுள்ள அமுண்ட்சன்-ஸ்காட் ஆய்வு நிலையத்துக்கு இணையமும் தொலைபேசியும் கொடுத்தது இப்படித்தான். கோஸ்-3 ஓய்வுபெற்றது 2016இல், தன் 38ஆம் வயதில்.

இன்னொன்று. சாய்தடத்துக்கு வந்துவிட்ட செயற்கைக்கோளைப் 'புவிநிலை' என்று அழைக்கக் கூடாது, அது நிலையாக நிற்பதில்லை. பூமியோடு சேர்ந்து சுற்றும் நேரம் மட்டும் மாறாததால் 'புவி ஒத்திசைவு' என்பது பொருந்தும். கோணத்தின் அளவுக்குச் சாய்வு, பாதைக்குச் சாய்தடம். எழுதும்போது இப்படி வரும்: 'சாய்தடத்தில் இருக்கும் இந்தச் செயற்கைக்கோளின் சாய்வு இப்போது 4 டிகிரி, ஆன்டெனா தடம் தொடர வேண்டும்.'