துணி குடித்த நிறம்

அகல் விளக்கின் திரி எண்ணெயை உறிஞ்சுகிறதே, அந்த வேலையை அமெரிக்க ஓவியர் ஹெலன் ஃபிராங்கந்தாலர் ஏறத்தாழ மூன்று மீட்டர் அகலக் கித்தானிடம் ஒப்படைத்தார். 1952 அக்டோபர், நியூயார்க். அவருக்கு 23 வயது.

எண்ணெய் வண்ணம் தீட்டும் முன் கித்தானுக்குப் பசையும் வெள்ளைப் பூச்சும் கொடுப்பது வழக்கம். வண்ணம் துணிக்குள் இறங்கிவிடக் கூடாது என்பதற்கான தடுப்பு அது. அவர் இரண்டையும் விட்டுவிட்டார். கோராத் துணியைத் தரையில் விரித்து, டர்பன்டைனில் நீர்க்கக் கரைத்த வண்ணத்தை ஊற்றினார். ‘மலைகளும் கடலும்’ என்ற ஓவியம் அப்படி உருவானது.

நூல் என்பது முறுக்கிய இழைகளின் கற்றை. இழைகளுக்கு நடுவே உள்ள நுண்ணிய சந்துகளில் திரவம் தானாக நுழைந்து ஓடும்; நுண்புழை ஏற்றம் என்பது இதுதான். தொடக்கத்தில் விரைவாக ஓடும், போகப் போகத் தளரும். இரு மடங்கு தூரம் போக நான்கு மடங்கு நேரம் பிடிக்கும். அதற்குள் டர்பன்டைன் ஆவியாகிவிட, கறை நின்றுவிடுகிறது.

நிறமித் துகள்கள் வழியிலேயே சிக்கிக்கொள்ளும். எண்ணெய் மட்டும் முன்னேறிப் போய்க் கறையைச் சுற்றி வளையமிடும். பஜ்ஜி மடித்த காகிதத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இங்கே அதிக நிறங்கள் ஆபத்து. நீர்த்த வண்ணம் கண்ணாடித்தாள் போன்றது. ஒன்றின் மேல் ஒன்று படிந்தால் ஒவ்வொன்றும் ஒளியில் ஒரு பங்கை விழுங்கும். நாலைந்து சேர்ந்தால் சேற்று நிறம்தான். தவறை மறைக்க வெள்ளை பூசவும் முடியாது, பூசினால் கறையின் ஒளிர்வே செத்துவிடும். வெள்ளை வேண்டிய இடத்தில் துணியைச் சும்மா விடுவதே வழி. கைக்கட்டுப்பாடு இல்லாதவர்கள் இதில் இறங்காமல் இருப்பது நல்லது.

துணியும் விலை கொடுக்கிறது. ஆளிவிதை எண்ணெய் காற்றில் உள்ள ஆக்சிஜனை ஏற்றுத்தான் உலரும். அப்போது பிறக்கும் அமிலங்கள், துணி இழைகளை உருவாக்கும் செல்லுலோஸ் சங்கிலிகளை மெல்ல அறுக்கும். துணி பழுத்து, நொறுங்கத் தொடங்கும்.

1953இல் அந்த ஓவியத்தைப் பார்க்க வந்த ஓவியர் மாரிஸ் லூயிஸ், டர்பன்டைனில் கரையும் மேக்னா என்ற அக்ரிலிக் வண்ணத்தால் கறை போட்டார். எண்ணெய் இல்லாததால் எண்ணெய் வளையமும் இல்லை. 1960, 61இல் அவர் வரைந்த பெரும் கித்தான்களில் நிறங்கள் பல. ஆனால் அவை இரு பக்க மூலைகளிலும் தனித்தனி ஓடைகளாக வழிகின்றன. நடுவில் வெறும் துணி.