தள்ளுபடி இல்லை, தள்ளிவைப்பு: கொரோனா காலக் கடன் தவணைத் திட்டம்

கொரோனா வந்தபோது ஏழை நாடுகளின் கஜானாவுக்கு இரண்டு பக்கமும் அடி. ஊரடங்கால் வரி வரவு விழுந்தது. எண்ணெயை நம்பியிருந்த அங்கோலாவுக்கு அதன் விலையும் சரிந்தது. மருத்துவத்துக்கும் வேலையிழந்தவர்களுக்கும் கூடுதல் பணம் தேவைப்பட்டதும் அதே மாதங்களில்தான். வெளிநாட்டுக் கடனின் தவணை மட்டும் தேதி தவறாமல் வந்து நின்றது.

இதற்காக ஜி-20 நாடுகள் 2020 ஏப்ரலில் அறிவித்ததுதான் டிஎஸ்எஸ்ஐ எனப்படும் கடன் தவணை நிறுத்திவைப்புத் திட்டம். மே 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஆண்டு இறுதிவரை என்று தொடங்கி, இருமுறை நீட்டி, 2021 டிசம்பரில் முடித்தார்கள். தகுதி பெற்றவை 73 நாடுகள், சேர்ந்தவை 48.

இதைக் கடன் தள்ளுபடி என்று நினைத்துவிடக் கூடாது. அசலில் ஒரு டாலர்கூடக் குறையவில்லை. கட்டும் தேதிதான் தள்ளிப்போனது. 2020இல் நிறுத்திவைத்த தொகைக்கு முதல் ஓராண்டு விலக்கு, அப்புறம் மூன்று ஆண்டுகளில் கட்டி முடிக்க வேண்டும். பின்னால் வந்த நீட்டிப்பில் அந்த மூன்று ஐந்தானது. காத்திருப்பதால் கடன் கொடுத்தவருக்கு நட்டம் வராதபடிதான் கணக்கே போடப்பட்டது.

யாரையும் தானாகச் சேர்க்கவில்லை. நாடுதான் கேட்க வேண்டும். பன்னாட்டு நாணய நிதியத்திடம் நிதி வாங்கியிருக்க வேண்டும், அல்லது விண்ணப்பித்திருக்க வேண்டும். மிச்சமாகும் பணம் சுகாதாரம், சமூகநலம், பொருளாதார நிவாரணம் இவற்றுக்குத்தான் போக வேண்டும். பொதுக்கடன் எவ்வளவு என்பதையும் மறைக்கக் கூடாது.

சரி, இவ்வளவு நிபந்தனைக்குக் கிடைத்தது என்ன? மொத்தமாக சுமார் 1,290 கோடி டாலர் தவணை தள்ளிப்போனது. அவசரத்துக்கு உதவிய பணம்தான், ஆனால் ஓட்டை பெரியது. அரசுகள் கொடுத்த கடனுக்கு மட்டுமே இந்தச் சலுகை. உலக வங்கி போன்ற பன்னாட்டு வங்கிகள், புதுக்கடன் தருகிறோம் என்று சொல்லி, பழைய தவணையை வசூலித்துக்கொண்டே இருந்தன. கடன் கொடுத்திருந்த தனியாரை ‘விரும்பினால் வாருங்கள்’ என்று அழைத்தார்கள். வந்தது ஒரே ஒருவர்.

கேட்கவே தயங்கிய நாடுகளும் உண்டு. சலுகை கேட்டால், கடனைத் திருப்பிக் கட்டும் திறனுக்கு நாட்டுக்குத் தரப்படும் மதிப்பீடு இறங்கும், நாளைக்குச் சந்தையில் கடன் கிடைக்காது என்ற பயம். கென்யா முதலில் ஒதுங்கி நின்று, 2021 ஜனவரியில்தான் உள்ளே வந்தது.

ஜாம்பியா சேர்ந்தும் தப்பவில்லை. 2020 நவம்பரில், தனியார் முதலீட்டாளர்களிடம் விற்றிருந்த கடன் பத்திரத்தின் வட்டியைக் கட்ட முடியாமல் தவறியது. கடனையே மாற்றியமைக்க ‘பொதுக் கட்டமைப்பு’ என்ற அடுத்த ஏற்பாட்டை ஜி-20 அறிவித்ததும் அதே மாதம்தான். அதன் கீழ் கடன் கொடுத்த அரசுகளோடு ஜாம்பியாவுக்கு உடன்பாடு கிடைத்தது 2023 ஜூனில்.