ஆடு எழுந்திருப்பதைப் பார்த்திருக்கிறீர்களா?

படுத்திருக்கும் ஆடு எழும்போது முதலில் எந்தக் கால் நிமிரும்? முன்காலா, பின்காலா?

என் பட்டறைக்கு மண்சிற்பம் பழக வரும் பிள்ளைகளிடம் முதல் நாள் இதைத்தான் கேட்பேன். எல்லாரும் இந்தப் பக்கத்துப் பிள்ளைகள்: காரைக்குடி, கோட்டையூர், பள்ளத்தூர், கானாடுகாத்தான், தேவகோட்டை. வீட்டில் ஆடு இல்லாவிட்டாலும் தெருவில் இருக்கும். ஆனாலும் பெரும்பாலானவர்கள் கொஞ்சம் யோசித்துவிட்டு "முன்கால் சார்" என்பார்கள். தவறு. ஆடும் மாடும் பின்பக்கத்தைத்தான் முதலில் தூக்கும். முன்கால் இரண்டும் மடிந்து தரையில் ஊன்றியிருக்க, பிட்டம் மேலே போகும். பிறகுதான் முன்கால் ஒவ்வொன்றாக நிமிரும். குதிரை நேர் எதிர். முன்காலை நீட்டி ஊன்றி, மார்பைத் தூக்கி, கடைசியில்தான் பின்பக்கம் எழும்.

கல்லூரிகளில் இறுதியாண்டுப் படைப்பு சமர்ப்பிக்கும் பருவம் நெருங்குகிறது. "விலங்குச் சிற்பம் செய்யணும், ஐடியாவே வரமாட்டேங்குது சார்" என்று பிள்ளைகள் வந்து நிற்கிறார்கள். அவர்களுக்காகவும், அவர்களுடைய பெற்றோருக்காகவும்தான் இதை எழுதுகிறேன்.

வருகிற பிள்ளையின் போனில் நூற்றுக்கணக்கான படங்கள் இருக்கும். கர்ஜிக்கும் சிங்கம், பனியில் ஊளையிடும் ஓநாய், வெளிநாட்டுச் சிற்பி யாரோ வெல்டிங் செய்த குதிரை. படம் பார்ப்பது பாவமில்லை. ஆனால் ஒரு புகைப்படத்தில் எந்தக் கோணம், எந்த வெளிச்சம், எந்த நொடி என்பதையெல்லாம் இன்னொருவர் முன்பே முடிவு செய்துவிட்டார். அதை வைத்து வேலை செய்கிறவருக்கு மிஞ்சுவது நகலெடுப்பது மட்டும்தான். சிற்பத்துக்கோ முதுகு உண்டு, வயிற்றடி உண்டு, வால் புறப்படும் இடம் உண்டு. படத்தில் தெரியாத அந்தப் பக்கத்தைக் கற்பனையால் நிரப்பும்போதுதான் விலங்கு பொம்மையாகிவிடுகிறது.

இப்போது கணினியே வரைந்து தரும் படங்களும் வருகின்றன. போன மாதம் ஒரு தம்பி காட்டிய குதிரைக்குப் பின்காலில் மூட்டு இடம் மாறியிருந்தது. அவருக்கு அது தெரியவில்லை. தெரியாததுதான் எனக்குக் கவலை. குதிரையின் பின்காலில் பின்னோக்கி மடிகிற மூட்டைப் பலரும் முழங்கால் என்று நினைக்கிறார்கள். அது குதிகால். உண்மையான முழங்கால் மேலே, வயிற்றை ஒட்டி இருக்கிறது. முன்காலில் நாம் முட்டி என்று சொல்வது அதற்கு மணிக்கட்டு. குதிரை ஒரே விரலின் நகத்தில் நிற்கிறது. மாடும் ஆடும் இரண்டு விரலில். நாய் நான்கு விரலில். குதிரைக்கும் மாட்டுக்கும் நம்மைப்போலக் காறை எலும்பு, அதாவது கழுத்தடியில் தோளையும் மார்பையும் இணைக்கும் எலும்பு, கிடையாது. இரண்டு முன்கால்களுக்கு நடுவே உடம்பின் முன்பாதியைத் தசைதான் தாங்கிப் பிடித்திருக்கிறது. மார்புக்கூடு கால்களுக்கிடையே தொட்டில் மாதிரி ஆடுவது இதனால்தான். இதைக் கண்ணால் பார்த்துக் கையால் தடவிப் பார்த்தவருக்கு, தோள்பட்டையில் மண்ணை எங்கே வைக்க வேண்டும் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

சென்ற வருடம் ஒரு பெண் வந்தாள். இறுதியாண்டு. அவளும் ஓநாய் செய்ய வேண்டும் என்றுதான் வந்தாள். "ஓநாயைப் பார்த்திருக்கியாம்மா?" "இல்ல சார்." "வீட்டுல என்ன இருக்கு?" "ஆடு இருக்கு சார். பத்துப் பதினஞ்சு உருப்படி. ஆனா ஆட்டப் போயி எப்படி சார்..."

அவளிடம் ஒரு வேலை கொடுத்தேன். ஏழு நாள் பட்டியில் உட்கார வேண்டும். போன் கூடாது. ஒரு நாளைக்கு முப்பது கோட்டோவியம். ஒன்றுக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது. அழித்து வரையக் கூடாது. நான்காம் நாள் அவளுடைய அம்மாவே நேரில் வந்துவிட்டார். "காலேஜுக்கு அனுப்புனா ஆட்டுப்பட்டியில உக்கார வச்சிருக்கீங்களே" என்றார். அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. பட்டியை விட்டு மேலே வரட்டும் என்றுதானே படிக்க வைக்கிறார். அவரை உட்காரவைத்து மகளின் ஸ்கெட்ச் புக்கைப் பக்கம் பக்கமாகக் காட்டினேன். முதல் நாள் ஓவியங்களில் ஆடு என்று எழுதிவைக்க வேண்டியிருந்தது. நான்காம் நாள் பக்கத்தில் அந்த அம்மாவே விரல் வைத்து, "இது எங்க கருப்பி. இப்படித்தான் ஒரு காலச் சாச்சு நிக்கும்" என்றார். பெற்றோருக்கு நான் சொல்ல விரும்புவது அவ்வளவுதான். பிள்ளை ஒரு விலங்கின் முன்னால் வெறுமனே உட்கார்ந்திருப்பது மாதிரி தெரிந்தால், அது படித்துக்கொண்டிருக்கிறது.

முன்பெல்லாம் புது மாணவர்களைக் குன்றக்குடிக்குக் கூட்டிப்போவேன். சண்முகநாதர் கோயில் யானை சுப்புலட்சுமியை வரைவோம். யானை நெடுநேரம் நான்கு காலிலும் ஒரே மாதிரி எடை போட்டு நிற்காது என்று அங்கேதான் அவர்களுக்குப் புரியும். பெரும்பாலும் ஏதாவது ஒரு கால் ஓய்வில் இருக்கும். உடம்பு மெல்ல அசைந்துகொண்டே இருக்கும். 2024 செப்டம்பரில் தீ விபத்தில் அவள் இறந்துபோனாள். பழைய ஸ்கெட்ச் புக்குகளைப் புரட்டும்போது அவளுடைய காது மட்டும் வரைந்த பக்கங்களில் இன்னும் நின்றுவிடுகிறேன். எதிரில் இருக்கும்போதே வரைந்துவிடுங்கள், பிள்ளைகளே.

பட்டியில் ஏழு நாள் முடிந்ததும் அந்தப் பெண்ணை மண்குதிரை செய்கிற குயவரான ஒரு வேளார் வீட்டுக்கு அனுப்பினேன். நம் பக்கம் வைகாசி, ஆனி, ஆடியில் புரவி எடுப்பு, அதாவது மண்குதிரைகளை அய்யனார் கோயிலுக்கு எடுத்துப்போய் நேர்த்திக்கடனாக வைக்கும் திருவிழா, நடக்கிற ஊர்கள் ஏராளம். சிங்கம்புணரி சேவுகப்பெருமாள் அய்யனார் கோயில் புரவி எடுப்பு எல்லாருக்கும் தெரிந்ததே. ஊர் கூடி ஒரு பிடி மண்ணை, பிடிமண் என்று, கொடுத்தால்தான் வேளார் புரவி செய்யத் தொடங்குவார். கண்மாய்க் களிமண்ணோடு மணலும் உமியும் சேர்த்து மிதித்துப் பதமாக்குகிறார்கள். உமி சூளையில் எரிந்து, சுவருக்குள் நுண்ணிய துளைகளை விட்டுச் செல்லும். முதலில் நான்கு கால்கள், உள்ளே வெற்றிடமுள்ள உருளைகளாக. அவை கொஞ்சம் இறுகிய பிறகுதான் மேலே உடம்பு. உள்ளே ஒரு கை அணை கொடுக்க, வெளியே தட்டுப்பலகையால் தட்டித் தட்டிச் சுவரை மெல்லிசாக்கி ஏற்றுவார்கள். கழுத்தும் தலையும் பிறகு. சலங்கை, மணி, மாலை எல்லாம் கடைசியில் ஒட்டுவது. கண் திறப்பது எல்லாவற்றுக்கும் பிறகு.

அந்தப் பெரியவர் அவளிடம் கேட்டது: "ஆத்தா, ஆடு செய்யப் போறியே, அது காலு எம்புட்டுக் கனம் தாங்கும்?" அவள் விழித்தாள். அய்யனார் புரவியின் கால்கள் ஏன் தூண் போலிருக்கின்றன என்று அவர் சொன்னார். ஈர மண்ணில் மெல்லிய கால் வைத்தால் உடம்பு இறங்கிவிடும். அந்தக் கம்பீரம் பாதி பக்தி, பாதி மண்ணின் தேவை. எனக்கு இது மிகவும் பிடித்த பாடம். பொருள் எதைத் தாங்கும் என்ற கேள்வியிலிருந்தே வடிவம் பிறக்கிறது. வெண்கலத்தில் பாய்கிற குதிரையை மண்ணில் பாயவிட முடியாது. மண்ணுக்கென்று வேறு குதிரை இருக்கிறது. புதுக்கோட்டை போகும் வழியில் நமணசமுத்திரம் அருகே இளங்குடிப்பட்டியில் வரிசை வரிசையாக நிற்கும் மண்குதிரைகளைப் பார்த்தால் தெரியும், அந்த நிற்கும் குதிரை பாய்கிற குதிரைக்கு எதிலும் குறைந்ததில்லை.

கல்லுக்கு வேறு கணக்கு. பிள்ளையார்பட்டியில் குன்றைக் குடைந்து எடுத்த ஆறடிப் பிள்ளையாரை இந்தக் கண்ணோடு ஒருமுறை பாருங்கள். இரண்டே கைகள், வலம் சுழித்த துதிக்கை. கண்மூடித் தடவினாலும் இது பாறைதான் என்று சொல்கிற உருவம். மாமல்லபுரத்துப் பெரும்பாறையில் பின்காலைத் தூக்கி மூக்கைச் சொறிகிற மான் ஒன்று இருக்கிறது. 7-ஆம் நூற்றாண்டுச் சிற்பி அதைப் புராணத்திலிருந்து எடுத்திருக்க முடியாது. ஏதோ ஒரு காலை அவர் ஒரு மானைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

இனி சில எச்சரிக்கைகள். சொல்லாமல் விட்டால் என் மனம் ஒப்பாது.

சிராவயல் மஞ்சுவிரட்டுக்கு ஸ்கெட்ச் புக்கோடு போகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். காளையின் திமிலும் கழுத்துத் திருப்பமும் அங்கே கிடைப்பதுபோல வேறெங்கும் கிடைக்காது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் திறந்த பொட்டலில் காளைக்குப் பார்வையாளர், வீரர் என்ற வேறுபாடு கிடையாது. வேடிக்கை பார்க்கப் போனவர்கள் குத்துப்பட்டு இறந்திருக்கிறார்கள். காளையை வரைய வேண்டுமானால் வளர்க்கிறவர் வீட்டுக் கொட்டிலுக்குப் போங்கள். புலிக்குளம் மாடு நம் சிவகங்கைச் சீமையின் மாடு. உரிமையாளரிடம் கேட்டால் மகிழ்ச்சியாகவே நிறுத்திக் காட்டுவார்.

அய்யனார் கோயில் காட்டில் உடைந்து கிடக்கும் குதிரைத் தலையை "சும்மாதானே கிடக்கு" என்று எடுத்து வராதீர்கள். அது நேர்த்திக்கடன். மழையிலும் வெயிலிலும் சிதைந்து மண்ணோடு சேரும்படி ஊர் விட்டுவைத்தது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் மரக்குதிரையும் யாளியும் பித்தளை மயிலும் நிறைய இருக்கும். நின்று பாருங்கள், அனுமதி கேட்டு வரையுங்கள், எப்படிச் செதுக்கியிருக்கிறார்கள் என்று கற்றுக்கொள்ளுங்கள். அவற்றில் பல ஏதோ ஒரு வீட்டிலிருந்து கழன்று வந்தவை என்பதையும் நினைவில் வையுங்கள்.

பட்டறையில் காய்ந்த களிமண் தூளை விளக்குமாற்றால் கூட்டாதீர்கள். அதில் இருக்கும் சிலிக்கா நுரையீரலில் தங்கினால் திரும்பி வராது. ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் இறுகும்போது நன்றாகச் சூடேறும். கையை அதற்குள் புதைத்து அச்செடுக்கும் விளையாட்டு வேண்டவே வேண்டாம்.

பறவை செய்ய நினைப்பவர்கள் குளிர்காலத்தில் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்துக்குப் போகலாம். நத்தைகுத்தி நாரை, அரிவாள் மூக்கன், கொக்கு எல்லாம் வரும். அவற்றுக்காகத் தீபாவளிக்குக்கூடப் பட்டாசு வெடிக்காத ஊர்க்காரர்கள் அவர்கள். நீங்களும் சத்தம் போடாதீர்கள்.

அந்தப் பெண்ணின் கதைக்கு வருகிறேன். ஆட்டைப் பார்த்தாயிற்று, மண்ணும் கொஞ்சம் பிடிபட்டது. ஆனால் எதைச் சொல்லப் போகிறாள்? அவளுடைய ஊரில் பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகள் பல. பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்கிறார்கள்; விசேஷத்துக்கு வந்து திறப்பார்கள். மற்ற நாளெல்லாம் அந்தத் திண்ணைகளில் மதிய வெயிலுக்கு ஆடுகள்தான் படுத்திருக்கும். தேக்குத் தூணில் முதுகைத் தேய்த்துக்கொள்ளும். ஸ்கெட்ச் புக்கின் ஓரத்தில் போகிறபோக்கில் அப்படி ஒரு திண்ணையை வரைந்திருந்தாள். நான்தான் விரல் வைத்துக் காட்டினேன். "இது என்ன?" "அது சும்மா சார்." அந்தச் 'சும்மா'வில்தான் அவளுடைய படைப்பு இருந்தது.

முதலில் ஆட்டின் உடம்பு முழுவதும் ஆத்தங்குடி டைல்ஸ் பூவேலையைப் பதிக்கலாம் என்றாள். சிறிய மாதிரி ஒன்று செய்து பார்த்தோம். அழகாகத்தான் இருந்தது, பரிசுக்கடைப் பொருள் மாதிரி. பூ மட்டும் தெரிந்தது, ஆட்டைக் காணோம். அவளே அதை உடைத்துத் தொட்டியில் போட்டாள். பிறகு பத்துப் பன்னிரண்டு சின்ன மாதிரிகள், உள்ளங்கை அளவில். கடைசியில் வந்து நின்றது முன்கால் மடிந்து, பின்பக்கம் தூக்கி, பாதி எழுந்த ஆடு. பூட்டிய நிலைவாசல் முன்னால் அப்படி வைத்தால் விழுந்து கும்பிடுவது போலவும் இருந்தது. மண்ணுக்கும் ஏற்ற நிலை, ஏனென்றால் முன்பக்க எடை முழுவதும் தரையில் இறங்கிவிடுகிறது.

முதல் பெரிய ஆடு சூளையில் வெடித்தது. தவறு என்னுடையது. வயிற்றுச் சுவர் ஓரிடத்தில் இரண்டு அங்குலம் தடித்திருந்ததை நான் கவனிக்காமல் விட்டுவிட்டேன். உள்ளே தங்கிய ஈரம் ஆவியானால் வழி தேடும். இரண்டாவதற்குச் சுவரைச் சீராக முக்கால் அங்குலம் வைத்து, வயிற்றடியில் துளை விட்டாள். காதையும் வாலையும் ஈரத்துணியால் மூடி, உடம்போடு ஒன்றாக மெதுவாகக் காயவைத்தாள்.

அது காய்ந்துகொண்டிருக்கும்போது, சின்ன மாதிரியைத் திண்ணையில் வைத்துப் பார்க்கலாம் என்று போனோம். பக்கத்து வீட்டு ஆச்சி வந்து குனிந்து பார்த்தார்கள். சுற்றி வந்து இன்னொரு முறை பார்த்தார்கள்.

"ஏன்டி, இது எந்திரிக்கப் பாக்குதா, படுக்கப் பாக்குதா?"

நாங்கள் இருவரும் பேசவில்லை. ஆடு படுக்கும்போதும் முன்காலைத்தான் முதலில் மடக்கும். இரண்டுக்கும் கால் ஒன்றுதான். இத்தனை மாதம் பார்த்தும் அது எங்களுக்குத் தோன்றவில்லை.

அன்று சாயங்காலம் அவள் மறுபடியும் பட்டிக்குப் போனாள். இருட்டின பிறகு பட்டறைக்கு ஓடி வந்தாள். "சார், கால்ல இல்ல, கழுத்துல இருக்கு. படுக்கும்போது தலையைத் தாழ்த்தித் தரையை மோந்து பாக்குது. எந்திரிக்கும்போது தலையை முன்னால வீசுது சார், அந்த வீச்சுலதான் பின்பக்கம் மேல வருது."

ஈரத்துணிக்குள் இருந்த பெரிய ஆட்டின் கழுத்தை அன்று இரவே கம்பியால் அறுத்து எடுத்தோம். வெட்டின இடத்தைக் கீறி, களிமண் குழம்பு தடவி, நான்கு விரல் முன்னுக்குத் தள்ளி ஒட்டினோம்.