ஆட்டுக்காலுக்கு ஆகும், ராஜ்மாவுக்கு ஆகாது

ராத்திரி படுக்கப் போகும் முன் ஆட்டுக்கால், வதக்கிய வெங்காயம், இஞ்சி பூண்டு, மிளகு எல்லாவற்றையும் ஸ்லோ குக்கரில் போட்டுத் தண்ணீர் ஊற்றி, குமிழை 'லோ'வில் திருப்பிவிட்டால் போதும். காலையில் இடியாப்பத்துக்குப் பாயா தயார். கிளற வேண்டாம், விசில் எண்ண வேண்டாம். ஆனால் அதே பாத்திரத்தில் ஊறவைத்த ராஜ்மாவை அப்படியே போட்டுவிட்டால், சாப்பிட்டவர்கள் வாந்தியும் வயிற்றுப்போக்குமாகப் படுத்துவிடலாம். பாயா ருசிப்பதற்கும் ராஜ்மா கெடுதல் செய்வதற்கும் ஒரே காரணம்தான்: இந்தப் பாத்திரத்தில் சூடு மிக மெல்ல ஏறுகிறது.

கனமான பீங்கான் பாத்திரம், அதைத் தாங்கும் ஓர் உலோகக் கூடு, பெரும்பாலும் கூட்டின் பக்கச் சுவரைச் சுற்றி ஓடும் மின்கம்பி. கருவி என்று பார்த்தால் இவ்வளவுதான். அடுப்பு போல அடியிலிருந்து தீ தாக்குவதில்லை என்பதால் அடிப்பிடிப்பது அரிது. நடுத்தர அளவுள்ள ஒன்று 'ஹை'யில்கூட இருநூறு, முந்நூறு வாட்தான் இழுக்கும். இண்டக்‌ஷன் அடுப்பு 2000 வாட் வரை போகும். 'லோ' என்றால் குறைந்த சூடு, 'ஹை' என்றால் அதிகச் சூடு என்றுதான் பலரும் நினைக்கிறோம். பல மாடல்களில் இரண்டுமே கடைசியில் கொதிநிலைக்குச் சற்றுக் கீழே ஒரே இடத்துக்குத்தான் வந்து சேர்கின்றன. அங்கே போய்ச் சேர எடுத்துக்கொள்ளும் நேரம்தான் வேறு.

பிரஷர் குக்கர் இதற்கு நேர் எதிர். ஆவியை அடைத்து 120 டிகிரி செல்சியஸ் வரை கொண்டுபோய் அரை மணியில் வேலையை முடித்துவிடும். அங்கே வேலை செய்வது சூடு, இங்கே நேரம்.

அந்த நேரம் எதற்கு என்பது ஆட்டுக்காலைப் பார்த்தால் விளங்கும். தசைநார், தோல், மூட்டு எல்லாம் கொலாஜன் என்ற புரதத்தால் ஆனவை. மூன்று இழைகள் கயிறு போல முறுக்கிக் கிடக்கும். ஈரச்சூட்டில், 70 டிகிரியைத் தாண்டி மணிக்கணக்காக இருந்தால் அந்த முறுக்கு அவிழ்ந்து ஜெலட்டினாகக் குழம்பில் கரைகிறது. பாயா குடிக்கும்போது உதடு ஒட்டுகிறதே, அது ஜெலட்டின்தான். மீந்ததை ஃப்ரிட்ஜில் வைத்து மறுநாள் எடுத்துப் பாருங்கள், கரண்டியை நட்டால் நிற்கும்.

கொலாஜன் குறைவான கறியில் அவிழ்வதற்கு ஒன்றும் இல்லை. கோழி நெஞ்சுக்கறியை எட்டு மணி நேரம் வைத்தால் தசை சுருங்கி, நீரை வெளியே தள்ளி, சக்கையாகிவிடும். தொடைக்கறி வாங்குவதே நல்லது. அப்புறம், வெங்காயம் பொன்னிறமாக 140 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். தண்ணீர் நிறைந்த இந்தப் பாத்திரத்தில் அது நடக்காது. பத்து நிமிடம் வாணலியில் வதக்கிவிட்டுப் போடுவதை நான் ஒருநாளும் விடுவதில்லை.

ஸ்லோ குக்கரைக் கண்டுபிடித்த அமெரிக்கர் இர்விங் நாக்சனுக்கு யோசனை தந்தது அவர் அம்மா சொன்ன கதை. லிதுவேனியாவின் வில்னா நகரில் யூதர்கள் சனிக்கிழமை ஓய்வு நாளில் அடுப்பு மூட்ட மாட்டார்கள். வெள்ளி மாலையே இறைச்சியும் அவரை விதையும் போட்ட பானையைப் பேக்கரிக்குக் கொடுத்தனுப்புவார்கள். அணைந்துகொண்டிருக்கும் அடுப்பின் மிச்சச் சூட்டிலேயே ராத்திரி முழுக்க அது வேகும். நாக்சனுக்குக் காப்புரிமை 1940இல் கிடைத்தது. 1970களில் 'கிராக்-பாட்' என்ற பெயரில் வந்த பிறகுதான் அது வீடுவீடாகப் போனது.

சரி, உருளைக்கிழங்கு ஏன் வேகவே மாட்டேன் என்கிறது? நான் முதல்முறை ஸ்லோ குக்கரில் சாம்பார் வைத்தபோது ஆறு மணி நேரம் கழித்தும் கிழங்கு பல்லில் நறுக்கென்றது. 50 முதல் 60 டிகிரிக்குள் கிழங்கில் உள்ள ஒரு நொதி விழித்துக்கொண்டு, செல்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டினை மாற்றுகிறது. மாறிய பெக்டின் சுண்ணாம்புச் சத்தோடு பிணைந்து இறுகுகிறது. அடுப்பில் இந்தக் கட்டத்தைச் சில நிமிடங்களில் தாண்டிவிடுவோம், ஸ்லோ குக்கரிலோ வெகுநேரம் பிடிக்கும். போதாததற்குப் புளி வேறு. புளிப்பும் காய்களை இறுக்கும். இப்போது கிழங்கைச் சிறிதாக நறுக்கி அடியிலும் ஓரத்திலும் போட்டு, கொதிக்கும் தண்ணீர் ஊற்றி, புளிக்கரைசலைக் கடைசியில் சேர்க்கிறேன். நன்றாகவே வேகிறது.

உறைந்த கறியை அப்படியே போடக் கூடாது என்பதற்கும் இதே மெல்லேற்றம்தான் காரணம். 5 முதல் 60 டிகிரி வரை கிருமிகள் பெருகும். ஐஸ் உருகி அந்த எல்லையைத் தாண்டுவதற்குள் பல மணி நேரம் போய்விடும். மூடியை அடிக்கடி திறந்தாலும் கேடு. விளிம்பில் ஆவி குளிர்ந்து நீர்வளையமாக நின்று மூடியை அடைத்திருக்கும். ஒருமுறை திறந்தால் போன சூடு திரும்ப இருபது நிமிடமாவது ஆகும்.

ராஜ்மாவுக்கு வருவோம். சிவப்பு ராஜ்மாவில் லெக்டின் வகை நச்சுப் புரதம் ஒன்று அதிகம். நன்றாகக் கொதித்தால் அழிந்துவிடும். ஆனால் பாத்திரத்தை நிரப்பி 'லோ'வில் வைத்தால் நடுப்பகுதி கொதிநிலையைத் தொடாமலே நின்றுவிடலாம். 80 டிகிரியில் அரைவேக்காடாக நின்ற ராஜ்மா, பச்சை ராஜ்மாவைவிட அதிக நஞ்சுள்ளதாகக்கூட இருக்கும். நாலைந்து விதையே வயிற்றைக் கெடுக்கப் போதும். மென்மையாக வெந்திருப்பதைப் பார்த்து ஏமாறக் கூடாது. ராத்திரி முழுக்க ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் அடுப்பில் வைத்துக் குறைந்தது பத்து நிமிடம் தளதளவென்று கொதிக்கவிடுங்கள். அந்த நீரையும் வடித்துவிட்டு, அதன் பிறகு ஸ்லோ குக்கரில் போடுங்கள்.