கொப்புள நோய் என்றதும் புற்றுநோயா? எப்போது உள்ளே தேட வேண்டும்

கொப்புள நோய் என்று சொன்னதுமே இணையத்தில் தேடிவிட்டு, புற்றுநோய் இருக்குமோ என்ற பயத்தோடு வருகிறவர்கள் உண்டு. பெரும்பாலானவர்களுக்கு அப்படி எதுவும் இருக்காது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வயதானவர்களுக்குக் கடும் அரிப்போடு இறுக்கமான கொப்புளங்கள் வரும் புல்லஸ் பெம்ஃபிகாய்டில் நான் முதலில் கேட்பது மருந்துச் சீட்டைத்தான், ஏனென்றால் வில்டாகிளிப்டின் போன்ற சர்க்கரை மாத்திரைகள்கூட இதைத் தூண்டிவிடலாம். (நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், எழுதிக் கொடுத்த டாக்டரிடம் கேட்டு மாற்றுங்கள்.)

என்னைக் கவலைப்படுத்துவது வேறொன்று: பாராநியோபிளாஸ்டிக் பெம்ஃபிகஸ். 1990-ல்தான் இதைத் தனி நோயாக விவரித்தார்கள். மிக அரிது, ஆனால் உயிருக்கே ஆபத்தானது. உடலுக்குள்ளே லிம்போமாவோ (நிணநீர் மண்டலப் புற்றுநோய்), நாள்பட்ட லிம்போசைட் ரத்தப் புற்றுநோயோ, தைமஸ் சுரப்பிக் கட்டியோ, நிணநீர்த் திசு பெருத்து வரும் காசில்மேன் கட்டியோ இருக்கும். அதைத் தொடர்ந்து தடம் மாறுகிற நோய் எதிர்ப்பு மண்டலம், தோல் செல்களை ஒன்றோடொன்று பிடித்து வைத்திருக்கும் புரதங்களையே தாக்க ஆரம்பிக்கும். பிடி விட்ட இடத்தில் கொப்புளம்.

பெரும்பாலும் வாயில்தான் தொடங்கும். நாக்கு, உள்கன்னம், தொண்டை என்று புண் பரவி, உதட்டின் மேலும் ஏறி, ரத்தம் உறைந்து கறுத்த பொருக்காகப் படிந்திருக்கும். தண்ணீர் விழுங்கவே கண் கலங்கிவிடும், அந்தக் கண்ணும் பல பேருக்குச் சிவந்து எரியும். வைட்டமின் மாத்திரை, பூஞ்சை மருந்து, ஹெர்பீஸ் மருந்து என்று வாரக்கணக்கில் ஓடிவிடும். ஸ்டீராய்டு கொடுத்தால் தோல் ஓரளவு அடங்குகிறது, வாய் மட்டும் அடங்கவே இல்லை என்றால் தயவுசெய்து அங்கேயே நின்று யோசியுங்கள்.

பயாப்ஸியில் (சோதனைக்காகத் தோலை வெட்டி எடுப்பது) 2 துண்டு வேண்டும். புதிய கொப்புளத்தின் ஓரத்தில் எடுப்பது, திசுவைப் பதப்படுத்தும் ஃபார்மலின் திரவத்தில் போகும். பக்கத்தில் கொப்புளம் வராத தோலிலிருந்து எடுப்பது, தோலில் படிந்த ஆன்டிபாடிகளை (நோய் எதிர்ப்புப் புரதங்களை) ஒளிரவைத்துக் காட்டும் இம்யூனோஃப்ளோரசன்ஸ் சோதனைக்கு, அதையும் ஃபார்மலினில் போட்டுவிட்டால் அந்தச் சோதனைக்கு உதவாது. இன்னொரு சோதனையில் நோயாளியின் ரத்தச் சீரத்தை எலியின் சிறுநீர்ப்பைத் திசுவின் மேல் விட்டுப் பார்ப்பார்கள்: கட்டியோடு தொடர்பில்லாத சாதாரண பெம்ஃபிகஸில் ஆன்டிபாடி பொதுவாக அதில் ஒட்டாது, இந்த நோயில் ஒட்டும். அப்புறம் ரத்த அணுக்களின் எண்ணிக்கை, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் சி.டி. ஸ்கேன்.

சின்ன வயதுக்காரர் என்றால் காசில்மேன் கட்டியைக் கட்டாயம் தேட வேண்டும், முழுதாக வெட்டி எடுக்க முடிந்தால் அடுத்து வரும் மாதங்களில் புண்கள் நன்றாகவே ஆற வாய்ப்பு உண்டு. வாயிலும் கண்ணிலும் தழும்பு விழும் சளிச்சவ்வுப் பெம்ஃபிகாய்டிலும், லாமினின் 332 என்ற புரதத்துக்கு எதிரான ஆன்டிபாடி இருப்பவர்களுக்கு உள்ளுறுப்புப் புற்றுநோய் இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும்.

பாராநியோபிளாஸ்டிக் பெம்ஃபிகஸ் வந்தவர்களின் வீட்டாருக்கு இன்னொன்று: இந்த நோய் நுரையீரலின் சின்னஞ்சிறு மூச்சுக் குழாய்களையும் அடைத்துவிடலாம், கட்டியை எடுத்த பிறகும்கூட அது தொடரலாம், ஒருமுறை அடைத்தால் பழையபடி திறப்பது கடினம். தோல் ஆறிக்கொண்டிருக்கிறது என்று நிம்மதியாக இருக்கும்போது வறட்டு இருமலோ, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவதோ தெரிந்தால் அடுத்த செக்கப் தேதி வரை காத்திருக்காமல் அன்றைக்கே சொல்லுங்கள்.