செயலாட்சித்துறை, நீதித்துறை: சொல் விளக்கம்

சட்டம் இயற்றுவது சட்டமன்றம். அரசின் மற்ற இரண்டு கிளைகளான எக்ஸிகியூட்டிவ், ஜுடீஷியரி இரண்டையும் நிர்வாகத்துறை, நீதித்துறை என்று எழுதிவருகிறோம். இதில் முதல் சொல்தான் எனக்கு உறுத்துகிறது.

எக்ஸிகியூட்டிவின் வேர் லத்தீன். கடைசிவரை பின்தொடர்ந்துபோய் ஒன்றை முடித்துவைப்பது என்று அதற்குப் பொருள். உயிலில் எழுதியபடி சொத்தைப் பிரித்துக் கொடுப்பவருக்கு ஆங்கிலத்தில் உள்ள எக்ஸிகியூட்டர் என்ற பெயரும் இதே வேரில் பிறந்ததுதான். ஆக, எடுத்த முடிவைச் செயலாக்குவதே இந்தச் சொல்லின் கரு. அமைச்சரவை முதல் கிராம நிர்வாக அலுவலர் வரை எல்லோரும் இந்தக் கிளைதான். வரி வசூல், காவல், வெளியுறவு என எதைச் செய்தாலும் சட்டம் அனுமதித்த எல்லைக்குள்தான் செய்யவேண்டும்.

நிர்வாகம் என்பதும் மூலத்தில் ‘சுமந்துகொண்டுபோய்ச் சேர்ப்பது’ என்ற பொருள் கொண்ட வடசொல்தான். ஆனால் இன்று பள்ளி நிர்வாகம், ஆலை நிர்வாகம் என்று எதையும் மேலாண்மை செய்வதற்கு அந்தச் சொல் பரவிவிட்டது. சட்டத்துக்குக் கட்டுப்பட்ட அதிகாரம் என்ற குறிப்பு அதில் மங்கிப்போயிற்று.

இலங்கைத் தமிழில் நிறைவேற்றுத்துறை என்கிறார்கள். 1978 அரசியலமைப்புக்குப் பிறகு ‘நிறைவேற்று அதிகாரம் கொண்ட ஜனாதிபதி’ என்பது அங்கே அன்றாடச் செய்திச் சொல். அழகான ஆக்கம்தான். ஆனால் தமிழ்நாட்டில் ‘மசோதா நிறைவேறியது’ என்றால் சட்டமன்றம் அதை ஏற்றது என்று அர்த்தம். இரண்டு கிளைகளும் ஒரே வினைச்சொல்லில் மோதிக்கொள்ளும். நம்மிடம் செயல் அலுவலர், செயற்பொறியாளர், செயற்குழு எல்லாம் ஏற்கெனவே இருக்கின்றன. அந்த வரிசையில் செயலாட்சித்துறை என்பதே பொருத்தம்.

நீதித்துறைக்கு மாற்று தேவையில்லை. நீதிபதியைக் குறிக்கும் லத்தீன் சொல்லைப் பிரித்தால் ‘சட்டம் இன்னதென்று சொல்பவர்’ என்று வரும். மதுரைக்காஞ்சி நீதிமன்றத்தை ‘அறங்கூறு அவையம்’ என்கிறது. இரண்டு மொழியிலும் நீதி என்பது கூறுவது! வேலையும் அதுதான்: தன் முன் வந்த வழக்கில் சட்டம் என்ன சொல்கிறது என்று விளக்கித் தீர்ப்பது, அரசியலமைப்புக்கு முரணான சட்டத்தைச் செல்லாது என்று அறிவிப்பது.

செயலாட்சித்துறையிலிருந்து நீதித்துறையைப் பிரித்துவைக்க அரசு நடவடிக்கை எடுக்கவேண்டும் என்கிறது இந்திய அரசியலமைப்பின் 50ஆம் பிரிவு. ஆனாலும் நடுவர் (மாஜிஸ்திரேட்) என்ற பெயர் இரண்டு பக்கமும் இருக்கிறது. தடையுத்தரவு போடும் கோட்டாட்சியர் செயலாட்சி நடுவர். குற்ற வழக்கை விசாரித்துத் தண்டனை தருபவர் நீதித்துறை நடுவர். 1973ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 1974 ஏப்ரல் 1 முதல் இவர்களைத் தெளிவாகப் பிரித்தது. செய்தியில் வெறுமனே ‘நடுவர் உத்தரவு’ என்று போட்டால், உத்தரவு அரசு அதிகாரியுடையதா, நீதிமன்றத்துடையதா என்று படிப்பவருக்குத் தெரியாது.