ஜீப் தானே என்று சொல்லாதீர்கள்

இந்தக் கச்சானுக்குள் என் கராஜில் வளைந்து வந்த மூன்றாவது ஹெட் இது, அதாவது என்ஜினின் மேல் பகுதி. மூன்றும் பாவித்த நிலையில் வாங்கிய ஐரோப்பியச் சொகுசு வாகனங்கள், மூன்றும் வேறு வேறு கம்பனி, மூன்றிலும் கூலன்ட் (என்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) தாங்கியைத் திறந்தால் உள்ளே இருந்தது கிணற்றுத் தண்ணீர். (வெளியூர்க்காரர்களுக்கு: கச்சான் என்று நான் சொல்வது கடலையை அல்ல, மே தொடங்கி ஓகஸ்ட் வரை மேற்கிலிருந்து வந்து மட்டக்களப்பை வறுத்தெடுக்கும் சூட்டுக் காற்றை.) கையில் கிறீஸ் மணம் இன்னும் போகவில்லை, மணி இரவு பதினொன்று, ஆனாலும் இதை எழுதாமல் படுக்க மனம் வரவில்லை.

கடைசியாக வந்தது புணானையிலிருந்து. கொழும்பிலிருந்து குடும்பத்தோடு திரும்பிக்கொண்டிருந்த ஒரு தம்பி, பின் சீட்டில் இரண்டு பிள்ளைகள், இருட்டிவிட்டது, யானை இறங்கும் காட்டு ரோடு. "அண்ணன், சூட்டு ஊசி சிவப்புக்குப் போயிட்டு, ஓரத்துல நிப்பாட்டிட்டன். தண்ணிப் போத்தல் ரெண்டு கிடக்கு, ஊத்தட்டா?" மூடியில் கை வைக்காதே என்று போனிலேயே கத்தினேன். சூடான என்ஜினில் அந்த மூடியைத் திறந்தால் உள்ளே அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் நேரே முகத்துக்குத்தான் வரும். இதற்கு முதல் எங்கேயாவது ஊற்றினாயா என்று கேட்டால், மன்னம்பிட்டியில் ஒரு தரம், வெலிக்கந்தையில் ஒரு தரம். "மறுகா எடுத்தா ஓடிச்சுதானே அண்ணன்." ஓடும், ஏன் ஓடாது? ஹெட் வளைந்து, அதற்குக் கீழே உள்ள காஸ்கட் தகடு எரிந்து, ஒயிலுக்குள் தண்ணீர் கலக்கும் வரைக்கும் ஓடும்.

அடுத்த நாள் கராஜில் வைத்து, சாமானுக்கும் வேலைக்கும் சேர்த்து ஒரு தொகை சொன்னேன். அவன் வாசற்படியில் போய் இருந்துவிட்டு, கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னான்: "ஜீப் தானே, தாங்கும் எண்டு நினைச்சன்."

எங்கள் ஊரில் உயரமாக, பெரிய டயரோடு எது போனாலும் ஜீப். வயலுக்கு உரம் ஏற்றும் பழைய லேண்ட் ரோவரும் ஜீப், பொத்தானைத் தட்டினால் தானாக உயர்ந்து தாழும் ரேஞ்ச் ரோவரும் ஜீப், பிஎம்டபிள்யூ எக்ஸ் 5 உம் ஜீப். உங்கள் அப்பா காலத்து ஜீப்பின் என்ஜின் வார்ப்பிரும்பு. அதற்கு வாய்க்கால் தண்ணீர் ஊற்றினாலும் முனகிக்கொண்டு ஓடும், சூடேறினால் ஒரு மர நிழலில் விட்டுத் தேநீர் குடித்துவிட்டு வந்து எடுக்கலாம். இது அப்படியில்லை. ஹெட் அலுமினியம், தெர்மோஸ்டாட் கூடு பிளாஸ்டிக், கூலன்ட் தாங்கி பிளாஸ்டிக், பைப் மூட்டுகள் பிளாஸ்டிக். பத்துப் பன்னிரண்டு வருடம் சூட்டில் கிடந்த பிளாஸ்டிக் அப்பளம் மாதிரி. பழுது பார்க்கும்போது சும்மா கை பட்டாலே உடைகிறது, உடைத்தது நான் என்று வேறு சொல்வார்கள்.

சரி, கூலன்ட். இதைப் பற்றி நான் சொல்லாத நாள் இல்லை, ஆனாலும் வாரத்துக்கு ஒருவராவது வந்து, "அது பனி விழுற நாட்டுக்காரனுக்கு அண்ணன், எங்களுக்கு எதுக்கு?" என்று சிரித்துக்கொண்டு கேட்கிறார்கள். உறையாமல் காப்பது அதன் வேலைகளில் ஒன்று, அவ்வளவுதான். எங்களுக்குத் தேவையானது மற்ற இரண்டும். வெறும் தண்ணீர் 100 பாகையில் கொதிக்கும். மூடி அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால் என்ஜினுக்குள் 120 பாகை அளவுக்குப் போனபிறகுதான் கொதிக்கிறது. பாதிக்குப் பாதி கூலன்ட் கலந்தால் அது கிட்டத்தட்ட 130 ஆகிறது. கச்சான் அடிக்கும் நண்பகலில், ஏசியைப் போட்டுக்கொண்டு, ஏழு பேரோடு மகியங்கனைப் பக்கம் மலை ஏறுகிறவனுக்கு அந்தப் பத்துப் பாகை என்ன பெறுமதி என்று நினைத்துப் பாருங்கள். மற்றது, துருவும் அரிப்பும் பிடிக்காமல் காப்பது. உங்கள் வீட்டுக் கேத்தலின் அடியைத் திருப்பிப் பாருங்கள், வெள்ளையாகப் படிந்திருக்கிறதா? கல்லடியில், நாவலடியில், காரைதீவில், கடற்கரையை ஒட்டிய எந்தக் கிணற்றிலும் உப்பும் சுண்ணாம்பும் இருக்கும். அந்தத் தண்ணீரைத்தான் ஒடுங்கிய குழாய்கள் வரிசையாக இருக்கும் ரேடியேட்டருக்குள் ஊற்றுகிறீர்கள். கேத்தலில் படிகிறது அங்கே படியாதா? அலுமினியத்தை உப்பு தின்னாதா? தண்ணீர் பம்பின் சீலை அந்தப் படிவு உரசாதா? "குழாய்த் தண்ணி ஊத்தலாமா?" என்று அடுத்த கேள்வி வரும். அவசரத்துக்கு, கராஜ் வரைக்கும், ஊற்றலாம். மற்றபடி கூலன்டும் காய்ச்சி வடித்த தண்ணீரும், அல்லது கலந்தே வரும் போத்தல்.

நிறத்தைப் பார்த்து வாங்கவும் வேண்டாம். பச்சை, சிவப்பு, நீலம், ஊதா எல்லாம் அந்தந்தக் கம்பனியின் விருப்பம். ஒரே நிறத்தில் இரண்டு வேறு இரசாயனம் இருக்கும், கலந்தால் சில நேரம் கூழ் மாதிரித் திரண்டு விடும். வாகனத்தின் கைநூலில் ஒரு தர இலக்கம் போட்டிருக்கும், அதைப் பார்த்து வாங்குங்கள்.

இன்னொன்று, அந்தச் சூட்டு ஊசி. இப்போதைய வாகனங்கள் பலவற்றில் ஊசி நடுவில் நிற்பது சூடு ஒரே அளவில் இருக்கிறது என்பதற்காக அல்ல, ஓட்டுநர் பயப்படாமல் இருக்க அப்படி அமைத்திருக்கிறார்கள். நல்ல வேலைச் சூட்டிலும் நடுவில்தான், அதைவிடக் கணிசமாகக் கூடினாலும் நடுவில்தான். அது நகரத் தொடங்கும்போது நேரம் ஏற்கனவே போய்விட்டது. சில மொடல்களில் கூலன்ட் ஊசியே இல்லை. அதனால் மாதத்தில் ஒரு நாள், காலையில், குளிர்ந்த என்ஜினில், தாங்கியின் கோட்டைப் பாருங்கள். கூலன்ட் ஆவியாகிக் குறைவதில்லை ஐயா. குறைந்தால் எங்கேயோ போகிறது.

ஏன் இப்படி ஒரே மாதிரி வாகனங்கள் வரிசையாக வருகின்றன என்று எனக்கும் தெரியும். 2020 மார்ச்சில் இறக்குமதியை நிறுத்தினார்கள், தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தார்கள். அந்த ஐந்து வருடமும் நாட்டுக்குள் இருந்ததுதான் சுற்றிச் சுற்றிக் கை மாறியது. பழைய டொயோட்டா பிராடோ ஒன்று விலை இறங்கவே இறங்காது. அதே வருடத்து ஐரோப்பிய வாகனம், அதைவிட இரண்டு மடங்கு வசதியோடு, குறைந்த விலையில் நிற்கும். ஏன் குறைவு என்று கேட்காமல் லீசிங் போட்டு எடுத்து வந்து, கடைசிச் சதம் வரை கொடுத்துவிட்டு, சேர்விஸுக்குக் காசில்லாமல் என்னிடம் வருகிறார்கள். புதிதாக இருந்தபோது அது என்ன விலையோ, அந்த விலைக்குரிய சாமான்தான் இன்றைக்கும் அதற்கு வேண்டும். வாகனம் மலிந்தது, சாமான் மலியவில்லை. பழைய சாமான் விற்கும் கொழும்புப் பஞ்சிகாவத்தைக்குப் போனாலும் எல்லாம் கிடைக்காது. என்னிடம் முதலே கேட்பவர்களுக்கு நான் சொல்வது: வாங்கும் விலையில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்து வைத்துவிட்டு மிச்சத்துக்கு வாகனம் பாருங்கள்.

அந்தக் காசில் முதல் வேலை ஒயில் மாற்றுவது. என்ஜின் ஒயில் எல்லோரும் மாற்றுவார்கள். நான் சொல்வது கியர் பொக்ஸ் ஒயில். "இது வாழ்நாள் ஒயில், மாற்றத் தேவையில்லை" என்று விற்கிறவரும் சொல்வார், கைநூல் சிலதிலும் இருக்கும். யாருடைய வாழ்நாள்? இந்த ஐரோப்பிய வாகனங்கள் பலவற்றுக்கு ஒட்டோ கியர் பொக்ஸ் செய்து கொடுக்கும் ஜெர்மனியின் இசட்எஃப் கம்பனியே 80,000 முதல் 120,000 கிலோமீட்டருக்குள், அல்லது எட்டு வருடத்துக்குள் மாற்றச் சொல்கிறது. செய்தவன் சொல்வதைக் கேட்பதா, விற்றவன் சொல்வதைக் கேட்பதா? மாற்றும்போது அந்தப் பெட்டிக்கென்று சொன்ன ஒயிலையே போடுங்கள், சூடு பார்த்து மட்டம் பார்க்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள். டிரான்ஸ்ஃபர் கேஸுக்கும் (முன் பின் சில்லுகளுக்கு இழுவையைப் பிரிக்கும் பெட்டி), முன் பின் டிஃபரன்ஷியலுக்கும் (இடது வலது சில்லுக்குப் பிரிக்கும் பெட்டி) தனித்தனி ஒயில், அவற்றை ஒருவருமே திறப்பதில்லை. பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும் திரவம், வாவிக்கும் கடலுக்கும் நடுவில் வாழ்கிற நமக்கு இரண்டு வருடத்துக்கு மேல் அதை விட்டுவைப்பது புத்தியில்லை.

டைமிங் பெல்ட் (வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூட வைக்கும் பட்டி) உள்ள என்ஜின் என்றால் கிலோமீட்டரை மட்டும் பார்க்காதீர்கள், வருடக் கணக்கும் உண்டு. மீட்டர் திருப்பிய வாகனத்தில் கிலோமீட்டருக்கு என்ன மரியாதை? லேண்ட் ரோவர் டிஸ்கவரி 3 இன் 2.7 டீசலில் முன்னால் ஒன்றும், பின்னால் டீசல் பம்பை ஓட்டுவதற்கு ஒன்றுமாக இரண்டு பெல்ட். முன்னால் உள்ளதை மட்டும் மாற்றிவிட்டுப் "பெல்ட் மாற்றியாச்சு" என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். பின்னால் உள்ளதையும் கேளுங்கள்.

இனி வெள்ளம். கார்த்திகை மார்கழியில் கிரான் புலிபாய்ந்தகல் ரோட்டில் தண்ணீர் ஏறினால், ஆட்டோ திரும்பும், கார் திரும்பும், "ஜீப்" மட்டும் இறங்கும். டிஸ்கவரி 3 க்கு, சஸ்பென்ஷனை உயர்த்திய நிலையில், 700 மில்லிமீட்டர் வரை தண்ணீரில் போகலாம் என்று கம்பனி சொல்கிறது. எங்கள் பெடியன்களுக்கு அந்த இலக்கம் மட்டும் மனப்பாடம். அது அசையாத தண்ணீரில், நடை வேகத்தில், அடித் தரை தெரிந்த இடத்தில், எல்லா ரப்பரும் சீலும் புதிதாக இருந்த காலத்துக்குச் சொன்னது. முன்னால் போகும் பஸ் எழுப்பும் அலை எவ்வளவு உயரம் என்று அதில் இல்லை. மற்ற வாகனங்கள் பலவற்றுக்கு அந்த 700 உம் கிடையாது. காற்று இழுக்கும் வாய்க்குள் ஒரு கோப்பை தண்ணீர் போனால் போதும், பிஸ்டனால் தண்ணீரை அமுக்க முடியாது, கொனெக்டிங் ரொட் வளையும். தண்ணீருக்குள் நின்றுவிட்டால் தயவுசெய்து மறுபடி ஸ்டார்ட் பண்ணாதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன். நின்ற என்ஜினைக் காப்பாற்ற வழி உண்டு, இரண்டாம் தரம் சாவி திருப்பிய என்ஜினை நான் பெரும்பாலும் சாக்கில்தான் கட்டிக் கொடுத்திருக்கிறேன். கடந்து வந்துவிட்டாலும் முடியவில்லை. சூடான டிஃபரன்ஷியல் குளிர்ந்த தண்ணீரில் இறங்கினால் உள்ளே காற்று சுருங்கி, மூச்சுக் குழாய் வழியாகவோ பழைய சீல் வழியாகவோ தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். இரண்டு நாளில் ஒயிலைத் திறந்து பாருங்கள், பால் தேநீர் நிறத்தில் இருந்தால் மாற்றுங்கள். காப்புறுதிப் பத்திரத்திலும் வெள்ளம் சேர்த்திருக்கிறதா என்று மழைக்கு முதல் பாருங்கள், பிறகு பார்த்து என்ன பலன்?

எயார் சஸ்பென்ஷன் உள்ளவர்கள் காலையில் எழும்பி, பல் தீட்ட முதல், வாகனத்தைப் பாருங்கள். ஒரு மூலை மட்டும் மாடு படுத்த மாதிரி இறங்கியிருந்தால் அந்தக் காற்றுப் பை கசிகிறது. அன்றைக்கே மாற்றினால் ஒரு பையோடு போகும். "ஸ்டார்ட் பண்ணினா எழும்புதுதானே" என்று மாதக்கணக்கில் ஓட்டினால், அந்தக் கசிவுக்குக் காற்று அடித்து அடித்தே கொம்பிரசர் செத்துவிடும். மறுகா இரண்டு செலவு.

சன் ரூஃப் உள்ள வாகனத்தை வேப்ப மரத்துக்குக் கீழே நிறுத்தாதீர்கள். அதன் நான்கு மூலையிலும் தண்ணீர் வடியும் குழாய் உண்டு, இலையும் பூவும் போய் அடைத்தால் மாரி மழை காபெட்டுக்குக் கீழே இறங்கும், அங்கேதான் கம்பியும் கட்டுப்பாட்டுப் பெட்டிகளும் கிடக்கின்றன. டயர் கடையில் காற்று அடித்து ஊதிவிடவும் வேண்டாம், உள்ளே குழாய் கழன்றுவிடும். மெல்லிய நைலோன் கம்பி போதும். நெல் சூடடிப்புக் காலத்தில் அம்பாறை, சம்மாந்துறை, அக்கரைப்பற்றுப் பக்கம் உள்ளவர்கள் பொனட்டைத் திறந்து எலிப் புழுக்கை பாருங்கள், ரேடியேட்டருக்கு முன்னால் பதரும் வைக்கோல் தூசியும் அடைந்திருக்கும், அதையும் பின்பக்கமிருந்து மெதுவாகத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். நான்கு சில்லும் எப்போதும் இழுக்கும் வாகனத்துக்கு ஒரு டயர் மட்டும் புதிது போடாதீர்கள். சுற்றளவு வித்தியாசப்பட்டால் டிரான்ஸ்ஃபர் கேஸ் ஓய்வில்லாமல் வேலை செய்து தேயும்.

வாங்கப் போகிறவர்களே, வாங்கிய பிறகு ஸ்கேன் பண்ணக் கொண்டுவராதீர்கள், வாங்க முதல் கொண்டுவாருங்கள். வாகனத்தில் செருகிப் போனில் பார்க்கும் மலிவான ப்ளூடூத் துண்டு பெரும்பாலும் என்ஜினை மட்டும்தான் வாசிக்கும், கியர் பொக்ஸ், சஸ்பென்ஷன், ஏர்பேக் எதையும் சரியாகக் காட்டாது. ஸ்கேனில் பிழை ஒன்றும் இல்லை, ஆனால் வாகனம் தானே செய்துகொள்ளும் சுயபரிசோதனைகள் ஒன்றும் முடியவில்லை என்று காட்டினால், விற்கிறவர் காலையில்தான் எல்லாவற்றையும் அழித்திருக்கிறார் என்று அர்த்தம். (பெட்டரி கழற்றினதாகச் சொல்வார். எல்லோருமே அதைத்தான் சொல்வார்கள்.) குளிர்ந்த என்ஜினில் போய்ப் பாருங்கள். நீங்கள் வரும்போதே சூடாக்கி வைத்திருந்தால், நாளைக்கு வருகிறேன் என்று திரும்பிவிடுங்கள்.

புணானைத் தம்பியின் ஹெட் லேத்துக்குப் போய் வந்துவிட்டது, காஸ்கட் இன்னும் வரவில்லை. இன்று பின்னேரம் அவனே வந்தான், கையில் ஐந்து லீற்றர் கேன். "அண்ணன், கூலன்ட் வாங்கிட்டு வந்திட்டன், நல்ல பச்சை." லேபலைத் திருப்பிப் பார்த்தேன், தர இலக்கம் ஒன்றுமே இல்லை. அவன் வாகனத்துக்குரிய இலக்கத்தை ஒரு மட்டையில் பெரிதாக எழுதிக் கொடுத்து, கடை பூட்ட முதல் போய் மாற்றிக்கொண்டு வா என்று அனுப்பினேன்.